மூன்றரை மணி நேரம்

மார்ச் 3
விமான டிக்கெட் வந்துவிட்டது. புறப்பாடு காலை பத்து பத்து, போய்ச் சேர்வது பகல் ஒன்று நாற்பது. மூன்றரை மணி நேரம். அப்படித்தான் நுரையீரல் டாக்டரிடம் சொன்னேன். "நாலு மணி நேரத்துக்குள்ளன்னா கூட்டிட்டுப் போங்கம்மா. அதுக்கு மேல இவருக்கு மூச்சு தாங்காது" என்று சான்று எழுதிக் கொடுத்தார்.

போகிற ஊரில் இவருடைய அண்ணன் படுத்த படுக்கை. இருவரும் நேரில் பார்த்துப் பதினாறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருந்தும் இவர் படியேறப் பார்த்தார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

மார்ச் 4
பெட்டியை மூன்று தடவை பிரித்து அடுக்கிவிட்டார். மூச்சு வாங்குகிறது. தொட விடமாட்டேன் என்கிறார்.

மார்ச் 6
வழக்கம்போல் வீட்டுக் கணக்கு நோட்டில் பயணச் செலவோடு தூரத்தையும் எழுதி வைக்கலாமென்று பார்த்தேன். 5,640 கிலோமீட்டர். மூன்றரையால் வகுத்தேன். மணிக்கு ஆயிரத்து அறுநூறு வருகிறது. எந்த விமானம் அப்படிப் பறக்கும்? மறுபடி வகுத்தேன். அதேதான்.

பிறகு புரிந்தது. ஒன்று நாற்பது என்பது அந்த ஊர்க் கடிகாரம். நம் கடிகாரத்தில் அப்போது ஐந்து பத்து. ஏழு மணி நேரம்! இவர் அண்ணனுக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் "அங்க இன்னும் பொழுது இருக்குங்க" என்று சொல்கிறவளே நான்தான். டிக்கெட்டைப் பார்த்தபோது அந்த அறிவு எங்கே போயிற்று?

மார்ச் 7
யாரும் கேட்கவில்லையே, கேட்டால்தானே பொய்? — சாமி முன்னால் நின்றுகொண்டே இப்படியும் ஒரு புத்தி. வழியில் இறங்கிப் போகிற விமானமும் கிடையாது. விசாரித்துவிட்டேன்.

மார்ச் 8
சொல்லிவிட்டேன். டாக்டர் சான்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இவர், "உனக்குத் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா?" என்றார். சாப்பாடு பாதியோடு சரி.

மார்ச் 9
பேசவில்லை.

மார்ச் 10
காலையில் அவராகவே வந்து உட்கார்ந்தார். "நீ போய்ட்டு வா. யாராவது ஒருத்தர் போகணும்."

"நான் தனியா எங்கயும் போனதில்லைங்க."

"உன் கணக்குக்கு மூணரை மணி நேரந்தானே. சட்டுன்னு போயிடலாம்."

சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் வந்து இவரோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 12
வந்து சேர்ந்தேன். ஐந்தாவது மணியில் ஜன்னல் வழியே பார்த்தால் கீழே தண்ணீர் மட்டும். இறங்க ஓரிடம் கண்ணில் படவில்லை. நல்லவேளை, பக்கத்தில் இவர் இல்லை என்று கும்பிட்டேன்.

மூத்தவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "அவன் எங்க?"

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "கணக்குப்பிள்ளைக்கே கணக்கு தப்பிடுச்சா?" என்றார். போன் போட்டு அவர் காதில் வைத்தேன். "டேய்" என்றார். அந்தப் பக்கமும் அவ்வளவுதான். மூச்சுச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 15
விடிகிற நேரத்தில் மூத்தவர் போய்விட்டார். போனில் இவரிடம் நான்தான் சொன்னேன். "கடைசியா என்ன சொன்னாரு?" என்றார்.

"தண்ணி கேட்டாரு. குடுத்தேன்."

"என்னைக் கேட்டாரா?"

நேற்றுச் சாயங்காலம் கேட்டார் என்றேன். கடைசி நிமிஷத்திலும் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இவர்.