நீ கேட்ட இரண்டு ரூம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
9-7-78

அன்பு மகன் பவுலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு வலது கட்டைவிரலில் மட்டும் பெரிய கட்டு, அதனால்தான் எப்போதும் அவர் எழுதும் கடிதத்தை இந்தத் தடவை நான் எழுதுகிறேன், கட்டு எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், பயப்படாதே. நீயும் மருமகள் லவீனாவும் பம்பாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன், மன்றாடி முடித்த கையோடு உன்னை நாலு வார்த்தை வைகிறேன், இரண்டையும் மாதா ஒன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று பக்கத்து வீட்டு ஜீவமணி டீச்சர் நம் வீட்டில் இருந்தாள். பனிமய மாதா திருவிழாவுக்கு வருகிறோம், லவீனாவின் அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள் என்ற வரியைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன். அடுத்த வரியைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். வீட்டில் கூட்டமாக இருக்கும், அப்பாவிடம் சொல்லி நல்ல லாட்ஜாகப் பார்த்து இரண்டு ரூம் போடச் சொல்லவும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு ரூம் சம்பந்தி வீட்டாருக்கு, அது நியாயம், அந்த மனுசருக்கு முழங்கால் மடங்காது, நம் வீட்டுக் கக்கூஸில் அவரால் உட்கார முடியாது. இரண்டாவது ரூம் யாருக்கு என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யோசித்து முடித்ததும் குசினிக்குள் போய் அழுதேன். அப்பா வந்து என்னவென்று கேட்டபோது வெங்காயம் என்று சொன்னேன், அன்றைக்கு வீட்டில் வெங்காயமே கிடையாது. நீ இந்த ஊர்க்காரன், உனக்குத் தெரியாதா? திருவிழாவுக்கு வருகிறவன் சொந்தக்காரன் வீட்டுத் தரையில் படுப்பான், வாசலில் படுப்பான், மொட்டை மாடியில் மழையில் நனைந்துகொண்டும் படுப்பான், லாட்ஜில் படுக்கமாட்டான். லாட்ஜில் படுத்தால் அவனுக்கு ஊரில் யாரும் இல்லை என்று அர்த்தம், அல்லது இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். உனக்கு நாங்கள் இருக்கிறோம் பவுல், பேச்சும் இருக்கிறது.

ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டானே என்று அப்பா கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஆண்பிள்ளைகள் ரூம் பார்க்கப் போனால் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள். முதலில் அப்பா ஆபீஸ் ஆட்கள் சொன்ன பீச் ரோடு லாட்ஜ். புதுத் துறைமுகம் வந்த பிறகு அங்கே காண்ட்ராக்டர்களும் உப்பு வியாபாரிகளும்தான் தங்குகிறார்கள். ரூமுக்கு ரூம் சீட்டுக்கட்டு, வாசலில் லாரி. லாரிக்காரன் ஒருவன் ஆரனை அழுத்திக்கொண்டே யாரையோ மாடியிலிருந்து இறங்கச் சொல்கிறான், அந்த ஆள் இறங்கவும் இல்லை, இவன் கையை எடுக்கவும் இல்லை. லவீனாவின் அம்மா கொசு பறந்தால் விழித்துக்கொள்வாள் என்று நீதானே எழுதினாய், அவளை அங்கே விட்டால் அவளும் சீட்டு ஆடப் பழகவேண்டியதுதான். அடுத்து ரயில்வே ஸ்டேஷன் மாடியில் இருக்கும் ரூம். ராஜா வீடு மாதிரி உயரம், மேல்நாட்டுக் கக்கூஸும் இருக்கிறது, ஆனால் இன்ஜின் தலைமாட்டிலேயே நின்று ஊதுகிறது. அதற்கும் அடுத்து சர்க்கார் பங்களா. தோட்டம், சாய்வு நாற்காலி, வாட்ச்மேன் மாடக்கண்ணு போட்ட சல்யூட் எல்லாம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பெரிய அதிகாரி யாராவது வந்தால் இருக்கிறவர்கள் சாமானோடு வெளியே வரவேண்டுமாம். மாடக்கண்ணு எங்களைப் பார்த்து, யம்மா, போன திருளாவுக்கு ஒரு கல்யாண மாப்பிள்ளையே வேப்பமரத்தடியில பெட்டியோட நின்னாருல்லா என்றான். சம்பந்தியை முழங்கால் வலியோடு வேப்பமரத்தடியில் நிறுத்த எனக்கு மனமில்லை.

கடைசியாகக் கோயிலுக்குப் பின்தெருவில் புதிதாகக் கட்டியிருக்கும் லாட்ஜுக்குப் போனோம். மானேஜர் நயினார் ஆற்றுப்பக்கத்து ஊர்க்காரர், அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்தவர். யாருக்கு அண்ணாச்சி ரூமு என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. என் மகனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் மகன் ஏன் வீட்டில் தங்கவில்லை என்ற கேள்வி வரும். எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். நான் அவர் காலை மிதித்தேன், அதற்குள் வார்த்தை போய்விட்டது. நயினார் குரலைத் தாழ்த்தி, வீட்டுல எதும் சடவா அண்ணாச்சி, நம்மகிட்ட சொல்லுங்க, நாலு பேரக் கூட்டிப் பேசித் தீத்துருவோம் என்றார். அப்பா சும்மா ஒரு மாறுதலுக்கு என்றார். நயினார் நம்பவில்லை. பாவம், அலைஞ்சு வந்திருக்கீய, சாயந்திரம்வரை இருந்து பாருங்க, துட்டு வேண்டாம் என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார். மறுத்தால் பொய் வெளியே வரும் என்று இருவரும் மாடி ஏறினோம்.

உள்ளே போனதும் அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அப்புறம் திறந்தார். மறுபடியும் போட்டார். என்ன செய்கிறீர்கள் என்றேன். போட்டா அப்படியே நிக்கிது ஏளா என்றார். சிரிக்காதே. நம் வீட்டு நடு ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, உனக்கே தெரியும். குசினிக்குப் போக அதுதான் வழி, அரிசிப் பெட்டியும் அங்கேதான். நான் கல்யாணமாகி வந்த மறுநாள் விடிகாலையில் உன் மெட்டில்டா அத்தை, அப்போது பாவாடை கட்டின பிள்ளை, நேராக உள்ளே வந்து என் தலைமாட்டில் இருந்த சீப்பை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஆரம்பித்த போக்குவரத்து இன்றுவரை நிற்கவில்லை. அவள் கட்டிக்கொண்டு போன பிறகும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஆலந்தலையிலிருந்து குடும்பத்தோடு வந்து அந்த வழியாகத்தான் நடக்கிறாள். அந்த லாட்ஜ் ரூமில் நாங்கள் படுத்துக்கொண்டு என்னென்னவோ பேசினோம். பெரிதாக ஒன்றும் இல்லை, உன் அப்பா சின்ன வயதில் கொழும்புக்கு ஓடிப்போகப் பார்த்த கதையை முழுதாகச் சொன்னார், இத்தனை வருசத்தில் அந்தக் கதையை அவர் பாதியில் விடாமல் சொன்னது அன்றைக்குத்தான், ஏனென்றால் நடுவில் யாரும் அரிசி எடுக்க வரவில்லை. அப்புறம் தூங்கிவிட்டோம். கோயில் மணி அடித்துத்தான் எழுந்தோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது, உன்னிடம் எழுதுவதற்கென்ன.

நாங்கள் மாடியிலிருந்து இறங்கியதைத் தெருவில் யார் யார் பார்த்தார்களோ தெரியவில்லை. பூசைக்குப் போகும் நேரம், என் கொண்டையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மறுநாள் மார்க்கெட்டில் மீன்காரி முத்துக்கனி எனக்கு ஊளி மீன் துண்டை எடைக்குமேல் வைத்துவிட்டு, வச்சுக்கிடுங்கம்மா, காலம் ஒரே மாதிரி இருக்காது என்று கண்ணைத் துடைத்தாள். பிறகுதான் விசயம் புரிந்தது. பம்பாய்க்காரன் பவுல் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வீட்டை உப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டான், பெற்றவர்கள் லாட்ஜில் கிடக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. உன் பேர்தான் நாறிக்கிடக்கிறது, வந்ததும் நீயே கழுவிக்கொள்.

அந்தப் பேச்சு பஸ் ஏறி ஆலந்தலைக்கும் போய்விட்டது. மெட்டில்டா அத்தை கருவாட்டு மூட்டையோடு தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். அண்ணே, வீடு போனாப் போட்டும், எங்கூட்டுல ஒரு பாய் கூட விரிச்சா ஆச்சு, இப்பவே வாங்க என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நின்றுகொண்டிருந்தது நம் வீட்டு வாசல் என்பதை அப்புறம்தான் கவனித்தாள். உள்ளே வந்து ரூம் ரூமாகப் பார்த்தாள், கட்டில் இருக்கிறது, அரிசிப் பெட்டி இருக்கிறது. அழுகையெல்லாம் கோபமாகிவிட்டது. கட்டிலு கெடக்க லாட்ஜுக்கு எதுக்கு மதினி போனீய என்று என்னைக் கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திப் பேசத்தான் போனோம் என்று நானே சொன்னேன். மெட்டில்டா நடு ரூமைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், அந்தச் சீப்பை நான் திருப்பித் தரவே இல்லையே மதினி என்றாள், இருவரும் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு லவீனாவின் ஞாபகம் வந்தது. போன திருவிழாவில் அவள் நடு ரூமில் விடியற்காலையில் கண் விழித்தபோது மெட்டில்டா பிள்ளைகள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று அவள் நைட் கவுனை வேடிக்கை பார்த்தார்களே, அவள் சிரித்தாளே, நல்ல பொறுமைக்காரி என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். அவள் ஏன் லாட்ஜ் கேட்டாள், அல்லது நீ ஏன் அவளுக்காகக் கேட்டாய் என்று நானும் ஒரு மத்தியானம் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்களை வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, ஒரு கதவு வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறாய். அதை நேராகவே எழுதியிருந்தால் நான் இல்லாத வெங்காயத்தை உரித்திருக்க மாட்டேன்.

ஆகையால் நீ கேட்டபடியே நயினாரிடம் இரண்டு ரூம் போட்டாயிற்று. கீழ் ரூம் சம்பந்தி வீட்டாருக்கு, படி ஏற வேண்டாம், மேல்நாட்டுக் கக்கூஸ் உண்டு, குழாயை நானே திறந்து பார்த்தேன். மாடி ரூம் எனக்கும் அப்பாவுக்கும். வாயைப் பிளக்காதே. அப்பாதான் முதலில் கேட்டார், நான் மறுப்பது போலக் கொஞ்சம் மறுத்தேன். பகலெல்லாம் வீட்டில்தான் இருப்போம், சமையல் என் கையில்தான், படுக்க மட்டும் போவோம். நீயும் லவீனாவும் நம் வீட்டில் நடு ரூமில். அரிசிப் பெட்டியைக் குசினிக்கு மாற்றியாயிற்று, மெட்டில்டா வீட்டார் பின்வாசல் வழியாகப் புழங்குவதாக ஒத்துக்கொண்டு அவளே பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். ஆசாரிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அப்பா பிடித்துக்கொள்ள நான்தான் ஆணி அடித்தேன், முதல் அடி ஆணியில் விழவில்லை, அந்தக் கட்டின் கதை இதுதான்.

வரும்போது மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டியைக் கழற்றுவார்கள், காப்பி குடிக்க இறங்கிவிட்டு வேறு பெட்டியில் ஏறிவிடாதே, சம்பந்தியோடு திருநெல்வேலியில் போய் நிற்பாய். லவீனாவுக்கு இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் சொல், கொழும்புக் கதையை மட்டும் விட்டுவிடு, அதை அப்பா அவளிடம் தானே சொல்ல வேண்டுமாம். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அடுத்த திருவிழாவுக்கு மூன்று பேராக வாருங்கள். ஒன்று சொல்ல மறந்தேன், தாழ்ப்பாள் புதிது, தள்ளும்போது தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிடுகிறது. சன்னல் மேல் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறேன், வந்ததும் முதல் வேலையாக இரண்டு சொட்டு விட்டுக்கொள்.

என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும்
அம்மா அமலோற்பவம்
(அப்பா தன் பெயரை இடது கையால் போட்டிருக்கிறார், மனுவேல் என்று வாசித்துக்கொள்.)