ஏசுதாஸ் வீட்டில் நடந்த அஞ்சலகம்

12 ஜூன் 2023, திங்கள்
இன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், இவர், உத்திரமேரூர் வக்கீல் புருஷோத்தமன், தபால் பட்டுவாடா செய்யும் ஏசுதாஸ். வேறு யாருமில்லை.

வக்கீல் ஆரம்பத்திலிருந்து கேட்டார். என் வீட்டுக்காரர் இவர், கிளை அஞ்சலக போஸ்ட்மாஸ்டர். ஆபீசு எங்கள் முன்னறையில். மாமியார் இறந்ததும் தீட்டு வீடு என்று ஒருவரும் படி ஏறவில்லை. பென்ஷன் வாங்க வந்தவர்கள்கூட தெருவிலேயே நின்றார்கள். கிறிஸ்தவர் வீட்டுக்குத் தீட்டில்லையே என்று, காரியம் முடியும்வரை ஆபீசைக் காலனிக்கு, ஏசுதாஸ் வீட்டுக்கு, எடுத்துப்போனார். இவர் தள்ளி உட்கார்ந்து எழுதுவார். கையில் கொடுப்பது ஏசுதாஸ். மேலே எழுதிக் கேட்கவில்லை. தப்புதான்.

"காலனில போயி நின்னு தபால் வாங்கணுமா நானு?" என்று மேலத்தெரு வேதகிரி டீக்கடையில் கேட்டாராம். புகாரில் மட்டும் "அனுமதியின்றி இடமாற்றம்" என்று எழுதினார். இவரை வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். துறைக்குள் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடி.

நேராக ஹைகோர்ட்டுக்கே போகலாம் என்றார் வக்கீல்.

ஏசுதாஸ் போகும்போது சொன்னார்: "எங்க வூட்ல வெச்சதாலதான் வேலை போச்சின்னு ஊரே பேசிக்கினு கீது, அண்ணி."

27 ஜூலை
ஹைகோர்ட்டில் உட்காரக்கூட நேரமில்லை. மத்திய அரசு வேலை, முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "என் தப்புதாம்மா" என்றார் வக்கீல்.

30 ஜூலை
நூலகத்திலிருந்து அரசியலமைப்புச் சட்டம், தமிழில். 323-அ. அரசு ஊழியர் வழக்குகளுக்கென்று நாடாளுமன்றம் தீர்ப்பாயம் அமைக்கலாமாம். அங்கே இருவர் விசாரிப்பார்கள் என்றார் வக்கீல். ஒருவர் சட்டம் படித்தவர். மற்றவர் அதிகாரியாக இருந்தவர்.

அதிகாரியா! வேலையைப் பறித்ததும் ஓர் அதிகாரிதானே? அவர் எங்கள் பக்கம் எழுதுவாரா? சுந்தரவரதப் பெருமாளே, இன்னாப்பா இது ஞாயம்?

18 ஆகஸ்ட்
தீர்ப்பாயத்தில் மனு போட்டாயிற்று. செலவு தனி நோட்டில்.

9 அக்டோபர் 2024
தீர்ப்பாயத்தில் விசாரணை. இருவரில், நான் பயந்த அந்த அதிகாரிதான் கேள்வி கேட்டார். பேசியது ஆங்கிலம், வக்கீல் வெளியே வந்து தமிழில் சொன்னார்.

"ஒரு தபாலாவது தவறிச்சா, இல்ல எந்த வூட்ல வெச்சாங்கன்றதுதான் புகாரான்னு கேட்டாரும்மா. டிபார்ட்மென்ட் வக்கீலு பேப்பரப் பொரட்டிக்கினே நின்னாரு."

ஆபீசு நடத்திப் பார்த்தவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

21 நவம்பர்
தீர்ப்பு. அனுமதி கேட்காதது தவறு, ஆனால் அதற்கு வேலையைப் பறிப்பது அதிகம். சிறிய தண்டனையோடு திரும்ப எடுக்க வேண்டும். கோயிலில் இவர் விழுந்தவர் எழுந்திருக்க நேரமாயிற்று.

17 பிப்ரவரி 2025
துறை ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது. தீர்ப்புக்குத் தடையும் வாங்கிவிட்டார்கள்.

வக்கீலிடம் போனில் கத்திவிட்டேன். "எங்கள வெளிய அனுப்ன எடம் அவங்களுக்கு மட்டும் தொறக்குதா சார்?"

"அது மூடலம்மா. மொதல்ல தீர்ப்பாயம், அப்பறம் ஹைகோர்ட்டுல ரெண்டு ஜட்ஜு. தீர்ப்பாயத்த அமைக்கிறதே அரசாங்கம். அதுக்கு மேல ஒருத்தர் பாக்கணுமில்ல? நாம தோத்திருந்தா நாமளும் அங்கதான போயிருப்போம்?"

போயிருப்போம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. இவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறார்.

22 செப்டம்பர்
துறையின் மனு தள்ளுபடி. தீர்ப்பாயம் சொன்னதே நிற்கிறது. இவர் முதலில் ஏசுதாஸுக்குத்தான் போன் போட்டார். இரண்டு பேரும் அழுதார்கள்.

3 அக்டோபர்
திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆபீசுக்கு இடம் எது என்று கடிதம் கேட்கிறது.

வேதகிரி வந்து சிரிக்கிறார். "போனது போவட்டும்மா. இனிமே ஆபீசு ஒங்க வூட்லயே இருக்கட்டும். அங்க இன்னாத்துக்கு?"

அவர் போனதும் நாங்கள் இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு காலனிக்குப் போனோம். ஏசுதாஸ் மனைவி சுகிர்தா, "மறுபடியுமா? எங்க மேல பழி வந்தது போதலியா?" என்று சிரித்தாள். பிறகு முன்னறைக் கட்டிலை நகர்த்த ஆள் கூப்பிட்டாள்.

6 அக்டோபர்
துறையின் கடிதத்துக்குப் பதில். இவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது, இங்கேயும் ஒரு நகல்:

ஐயா, எங்கள் கிளை அஞ்சலகத்தை இனி ஏசுதாஸ் அவர்களின் வீட்டு முன்னறையில் நிரந்தரமாக நடத்த அனுமதி வேண்டுகிறேன். வீட்டாரின் சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். அனுமதி வரும்வரை எதையும் இடம் மாற்றமாட்டேன். தயவுசெய்து விரைவில் பதில் தரவும்.