பத்து நிமிஷம்

ஜன. 6, செவ்வாய்
பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. கீசர் மறுபடி மக்கர்.

இவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிஷம் ஆனதும் சொல்லச் சொன்னார். இவர் சொன்னபோது கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். பார்க்கின்சன்ஸ் வந்தால் நேரக் கணக்கும் கெடுமாம், ஞாபகமும் பிசகுமாம். நடுக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

முப்பது வருஷம் ஸ்டெனோ. பெரிய கூட்டங்களில் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்துக் குறிப்பெடுப்பார்கள். இவர் கடிகாரம் பார்க்காமலே சரியாக எழுந்து வருவார். அதில் ஏகப் பெருமை.

ஆட்டோவில் கேட்டார், "நான் சரியாத்தானே சொன்னேன்?"
"சரியாத்தான் சொன்னீங்க."

ஜன. 8, வியாழன்
வாங்க: பால், முள்ளங்கி, மாத்திரை (இரண்டே பாக்கி).

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம். முக்கால் மணி நேரம். பயந்து ஓடி வந்தால், "அதுக்குள்ள வந்துட்டியா?" என்கிறார்.

சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. எழுத வெட்கம்.

ஜன. 10, சனி
எழுதிவிடுகிறேன். இன்று வேண்டுமென்றே போனேன். மெட்ரோவில் மயூர் விஹாரிலிருந்து லஜ்பத் நகர் வரை. அடுத்த வண்டியில் திரும்பினேன். எதுவும் வாங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். யமுனை மேல் வெயில். பக்கத்துப் பெண் போனில் வழி முழுக்க "அச்சா, அச்சா". யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல். "கடையில கூட்டமே இல்லையோ?" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாவி நான்.

ஜன. 12, திங்கள்
பெங்களூரிலிருந்து மகள் போன். "ஒரு அட்டெண்டன்ட் வச்சுக்கோயேம்மா." சமாளிக்கிறேன் என்றேன். ஆள் வந்தால் நான் போகிற நேரம், வருகிற நேரம் எல்லாம் பார்ப்பாளே.

ஜன. 13, செவ்வாய்
பொங்கலுக்குக் கரும்பு வாங்கி வருகிறேன் என்று பதினொரு மணிக்குக் கிளம்பினேன். மெட்ரோ. லஜ்பத் நகரில் இறங்கி டீ. இன்னொரு டீ. ஒன்றேகாலுக்குக் கதவைத் திறந்தேன்.

பாத்ரூம் வாசலில் நின்றிருந்தார். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி. நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்வது இவருக்கு வழக்கம். முன்னால் என் காலை நீட்டினால் அதைத் தாண்டி நடந்துவிடுவார். இன்று நீட்ட ஆள் இல்லை. பைஜாமா நனைந்து ஜில்லிட்டிருந்தது. தரையில் ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது. பாதம் இரண்டும் வீங்கி, நீலம். பன்னிரண்டு மணி மாத்திரை மேஜைமேல் அப்படியே.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"
"இப்பதான் எந்திரிச்சேன். நீ இப்பதானே போனே?"

காலை நீட்டினேன். தாண்டினார். வெந்நீரில் பாதத்தை வைத்துத் தேய்க்கும்போது அழுதுவிட்டேன்.
"எதுக்கு அழுத? நல்ல கரும்பு கிடைக்கலியா?"

ஜன. 14, புதன்
பனி. வீக்கம் வடியவில்லை. காலையில் குனிந்து பார்த்து, "இது எப்படி வந்துச்சு?" என்றார். நேற்று நடந்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"குளிருக்கு," என்றேன்.

சர்க்கரை டப்பா காலி. நான் அதைத் தட்டிப் பார்த்த சத்தம் கேட்டிருக்கும்.
"போய் வாங்கிட்டு வா. பத்து நிமிஷம்தானே? நான் இருந்துக்கிடுவேன்."

சர்க்கரை இல்லாமல் காபி குடித்தோம்.