மொட்டைக்கு இன்னும் ஒரு வருஷம்

மார்ச் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் நலம், என் முதுகைத் தவிர. உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், இது மொட்டையைப் பற்றியது.

செல்லில் ஒரு வார்த்தை அனுப்பினாலும் அது நாளைக்குக் கோர்ட்டில் காகிதமாகி வந்து நிற்குமாம். எங்கள் வக்கீல் சொன்னார். போனில் பேசலாம் என்றால் இங்கே என் மகன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்து அறையில் இருக்கிறான், அங்கே உங்கள் மகள் இருப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு விவாகரத்துக் கேட்டால் அம்மாக்கள் என்னதான் செய்வது? அதனால்தான் தபால்.

மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை டிவியில் கார் ரேஸை ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். இந்த சீசனின் முதல் ரேஸை நான் தனியாகப் பார்த்தேன். நம்ம மொட்டை டிரைவர், முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, தானாகவே வண்டியைச் சுழற்றி மணலில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டான். "பார்த்தீங்களா?" என்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே தலையணைதான் இருந்தது.

என் கட்சி இதுதான்: சீட்டு சரியில்லை. புது வண்டி, புது சீட்டு. கார் சீட்டுக்கு உறை தைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? இடுப்புக்கு அணைப்பு இல்லாவிட்டால் ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவான். மொட்டை தொங்குகிறான்.

ஒரு நிபந்தனை. பிள்ளைகள் பேச்சு வேண்டாம், அதை வக்கீல்கள் பேசட்டும். கேஸ் முடிந்தால் நீங்கள் எனக்கு யார், நான் உங்களுக்கு யார் என்று ஒருநாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பயமாக இருந்தது. எழுந்துபோய் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தையல்காரச் சம்பந்தி

ஏப்ரல் 4

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பினீர்களே, கெட்டிக்காரிதான். எக்ஸ்ரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே கை உடைந்த ஒருவர் காத்திருந்தார். என்னை மன்னித்திருப்பார்.

சீட்டாம் சீட்டு! உங்களிடம் தலைவலி என்று சொன்னால்கூடத் தலையணை உறையைத்தான் குறை சொல்வீர்கள். என் தொழிலில் ஒரே ஒரு படத்தைப் பார்த்து எதையும் சொல்லக்கூடாது, முன்னால் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் மொட்டையின் போன வருஷ ரேஸ்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். நேர் சாலை நீளமாகப் போய் முடிகிற வளைவு எதுவானாலும் அவன் பிரேக்கைத் தாமதமாகத்தான் மிதிக்கிறான். பழைய வண்டி தாங்கிக்கொண்டது, புது வண்டி தாங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதே டீமில் அதே வண்டியைத்தான் சுருட்டையும் ஓட்டுகிறான். அவன் மட்டும் எப்படி ஒழுங்காக ஓட்டுகிறான்? அவனுக்கு நீங்கள் தனியாகச் சீட்டு தைத்துக் கொடுத்தீர்களா?

நிபந்தனை சம்மதம். மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே சம்பந்தி

மே 9

அன்புள்ள, ஆனால் தோற்றுப்போன சம்பந்தியம்மாவுக்கு,

மூன்றாவது இடம்! மொட்டை மேடை ஏறிவிட்டான்! பேட்டியில் என்ன சொன்னான், கேட்டீர்களா? சீட்டை மாற்றிவிட்டார்களாம். "இப்பதான் வண்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றான். சொல்லுங்கள், இப்போது சொல்லுங்கள்.

மறுநாள் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்னோடு தைக்கிற பெண்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மொட்டை மூணாவது வந்துட்டான் என்றேன். "எந்த ஸ்கூல்க்கா?" என்று கேட்கிறாள் ஒருத்தி.

கோர்ட் வாய்தாவுக்கு என் மகன் வர முடியவில்லை, காய்ச்சல். இதை வெறும் செய்தியாகத்தான் சொல்கிறேன், நிபந்தனை நிபந்தனைதான். ஆனால் தள்ளிப் போவதும் ஒருவிதத்தில் நல்லதுக்குத்தானோ என்னவோ. நாளாக ஆக மனசு மாறும்.

இப்படிக்கு,
ஜெயித்த சம்பந்தி

ஜூன் 13

சம்பந்தியம்மாவுக்கு,

ரொம்ப ஆடாதீர்கள் என்று அப்போதே எழுத நினைத்தேன். பாவம், ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று பார்த்தீர்கள் இல்லையா? முதல் வளைவிலேயே போய்ச் சுருட்டையின் முதுகில் மோதினான். சொந்த டீம் வண்டி! இரண்டு பேரும் வெளியே. அது போகட்டும், வண்டி ரேடியோவில் டீம்காரர்களிடம் என்ன கேட்டான்? "அவன் ஏன் அங்க நிக்கிறான்?" வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறவன் வேறு எங்கே நிற்பான், அவன் மாமியார் வீட்டிலா?

முதல் ரேஸில் பழி காற்றின் மேல். அதற்கப்புறம் டயர். அப்புறம் கண்ணாடி. இப்போது சுருட்டை. "என் தப்பு" என்று இரண்டே வார்த்தை, அது அவன் வாயில் வரவே வராது. தப்புச் செய்ததற்காக நான் யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் கை ஆடினால் படம் மங்கிப்போகும், மறுபடி எடுத்துவிடுவேன். மங்கின படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெளிவாகத்தான் இருக்கிறது என்று சாதிக்கிறவனை என்ன செய்வது?

இந்த சீசனோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாமா என்று டீம்காரர்கள் யோசிக்கிறார்களாம். என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். அவனுக்கும் அதுதான் நல்லது.

இப்படிக்கு,
எக்ஸ்ரே சம்பந்தி

ஜூன் 19

சம்பந்தியம்மா,

விட்டுவிடலாம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

நான் ஒன்றும் மடச்சி இல்லை. மொட்டையை முன்னால் நிறுத்திவைத்து யாரை அடிக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. என் பிள்ளை குடிப்பானா? கை நீட்டுவானா? உங்கள் பெண்ணை ஒரு சொல் அதட்டிப் பேசியிருப்பானா? சோம்பேறி, ஒத்துக்கொள்கிறேன். எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு குடும்பத்தையே கலைத்துவிடுவதா? நானும் ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னும் ஒரு வருஷம் கொடுத்தால் குடியா முழுகிப்போகும்?

உங்கள் மகளை நான் மருமகள் மாதிரியா நடத்தினேன்? அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. இது உங்களுக்குத் தெரியுமா?

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்

ஜூன் 27

சம்பந்தியம்மாவுக்கு,

நான் மொட்டையைப் பற்றித்தான் எழுதினேன். உங்கள் மகனைப் பற்றி எழுத எனக்கு ஒரு மொட்டை தேவையில்லை. நிபந்தனையை நீங்களே உடைத்துவிட்டீர்கள், அதனால் நேராகவே எழுதுகிறேன்.

உங்கள் மகன் கெட்டவர் இல்லை. வயிற்றில் குழந்தை தங்காமல் என் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவருக்குப் போன் செய்தோம். "வந்துட்டே இருக்கேன்" என்றார். மறுபடியும் செய்தோம். "பக்கத்துல வந்துட்டேன்" என்றார். என் மகள் அத்தனை வலியிலும் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான்கூட எழுந்து வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் ஒரு பை பழத்தோடு வந்து நின்றார். ரோட்டில் நெரிசல் என்றார். அவர் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித் தெரிந்தது. ரத்தம் என்றால் அவருக்குப் பயம், அது எங்களுக்கும் தெரியும். பயந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கேஸே இல்லை. அவள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். இன்றுவரை நெரிசல்தான்.

அவளுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வருஷம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு பேரும் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் கேஸ் முடியும், அவர் வருவதே இல்லை. அக்டோபர் வாய்தாவுக்கு அவரை அழைத்து வாருங்கள். உங்களிடம் நான் வாய் திறந்து கேட்பது இது ஒன்றுதான். இது நடந்தால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியாது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்

ஆகஸ்ட் 22

சம்பந்தியம்மாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? மொட்டை ஜெயித்துவிட்டான்! கொட்டுகிற மழையில் எல்லாரும் வழுக்கி விழ, இவன் ஒருத்தன் மட்டும் நூல் பிடித்த மாதிரி ஓட்டினான். நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி ஓடிவந்து கதவைத் தட்டினார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லைங்க, மொட்டை ஜெயிச்சுட்டான்" என்றேன். அவருக்குத் தலையில் முடியே கிடையாது. முறைத்துவிட்டுப் போனார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

ஒரு மழை நாளுக்காக என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வாய்தா அக்டோபர் 13.

இப்படிக்கு,
எக்ஸ்ரே சம்பந்தி

அக்டோபர் 14

மேலே ஒன்றும் போடவில்லை. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு அவனிடம் கேட்டேன். "நெரிசல்தாம்மா" என்றான். பெற்றவள் நம்பத்தானே பார்ப்பாள்? நம்பினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் வாய்தாவுக்குப் போகாத ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. கேஸ் இழுக்கிற வரைக்கும் நீங்கள் என் சம்பந்தி அல்லவா?

நேற்று காலையில் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். இவன் பனியனோடு, வாயில் பிரஷ்ஷோடு, சோபாவில் சாய்ந்துகொண்டு வக்கீலிடம் போனில் பேசுகிறான். "கோர்ட் வாசலுக்கு வந்துட்டேன் சார், வண்டி நிறுத்தத்தான் இடம் கிடைக்கலை." குரலில் ஒரு பிசிறு இல்லை. ஓடி வந்தவன் மாதிரி மூச்சுக்கூட வாங்கினான். பார்த்துக்கொண்டிருந்த நானே ஒரு நிமிஷம் அவன் கோர்ட் வாசலில் நிற்கிறான் என்று நம்பிவிட்டேன். அந்தப் பெண் வலியோடு படுத்துக்கொண்டு இந்தக் குரலைத்தான் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷினை நிறுத்தினேன்.

"எழுந்திருடா" என்றேன்.

"இனிமே போனா லேட்டாயிடும்மா, அடுத்த வாய்தாவுக்குக் கண்டிப்பா..."

"சட்டையை வண்டியில மாட்டிக்கலாம், ஏறு."

சீட்டு உறைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேனில் அவனையும் ஏற்றினேன். பாதி வழியில், "பயமா இருந்துச்சும்மா அன்னிக்கு" என்றான். என் பிள்ளை என்னிடம் சொன்ன முதல் நிஜம் அது. அதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவன் அழுதான், நானும் அழுதேன். ஆனால் திருப்பவில்லை. அவள் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியதை இவன் என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

மற்றதெல்லாம் நீங்களே பார்த்தீர்கள். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்த்துக்கொள்ளவில்லை. நீங்கள் பார்க்காதது ஒன்று உண்டு. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது உங்கள் மகள் அங்கே வந்தாள். "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்றாள். "சாப்பிட்டேம்மா" என்றேன். நல்லா இரு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கையெழுத்தாகிவிட்டது. இனி உங்களை எப்படிக் கூப்பிடுவது? சம்பந்தி என்றால் பொய். வெறும் அம்மா என்றால் கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. பேர் சொல்ல வாய் வரவில்லை. பழைய சம்பந்தி என்று ஓர் உறவு எங்காவது உண்டா? நேற்று ராத்திரியிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

மொட்டைக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. எனக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
சீட்டு உறை தைக்கிறவள்

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ரேஸ். மொட்டைக்கு ஒரு வருஷம் கொடுத்தது பச்சை அநியாயம். எப்போதோ ஒரு மழையில் ஜெயித்தான் என்பதற்காகவா? போன வாரம்கூட வளைவைத் தாண்டி நேராகப் போய்விட்டுத் திரும்பி வந்து எட்டாவதாக முடித்தான். இதையெல்லாம் எழுதித் தீர்க்க முடியாது, உங்களோடு நேரில்தான் சண்டை போட வேண்டும்.

என் மகள் வருகிற புதன்கிழமை கிளம்புகிறாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டாதீர்கள். படித்துவிட்டு அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அத்தை சாப்பிடலைன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றாள். அவள் போனபின் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மேலே எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். வயதில் நான்தான் மூத்தவள், எனக்கும் கணக்குத் தெரியும். பெண்ணைக் கொடுத்தவள் என்பதால் இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு மரியாதை கொடுத்துவந்தேன். அது மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுத்தது, கோர்ட்டோடு அது முடிந்தது. இது வேறு. நீங்கள் இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என் பிள்ளையை வண்டியில் ஏற்றியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஏற்றியிருக்க மாட்டேன். பாதி வழியில் அவன் அழுததும் வீட்டுக்குத் திருப்பியிருப்பேன்.

அதனால் இனிமேல் நீங்கள்தான் எனக்கு மூத்தவர். கடைசி ரேஸ் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வந்துவிடுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை