கெளுத்தியின் சட்டையும் அத்தானின் வயிறும்

யார் பேச்சையும் கேட்காமலே போய்விட்ட என் அருமை அத்தானுக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சாட்சி. எட்டாவதோடு நின்றவன்தானே என்று நீங்கள்தான் காதில் வாங்கவில்லை.

அந்தக் கெளுத்தி மீன்களை மறந்திருக்க மாட்டீர்கள். நம் தீவின் சௌல்தாரி கிராமத்தில் குடியேறிய வங்காளி ஒருவர் பானையில் உயிரோடு கொண்டுவந்து தந்தார். ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கலாம் என்றாள் அக்கா. உங்களுக்கோ மீன் மேலிருக்கும் அந்தக் கொழகொழப்பு ஆகாது. கல்லுப்பும் சாம்பலும் போட்டு, உயிருள்ள மீன்களைப் பாத்திரம்போலத் தேய்த்து, மறுபடி தண்ணீரில் விட்டீர்கள். விடிந்தால் அத்தனையும் மல்லாந்து மிதந்தன. "அரே பாபு, மச்லி கா குர்தா உதார் தியா!" மீனின் சட்டையையே கழற்றிவிட்டாயே என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள் வயிற்றுக்கும் அதைத்தானே செய்தீர்கள்? கப்பல் ஜெட்டியில் வேலை முடிந்து தலைவலியோடு வந்ததும் வெறும் வயிற்றில் வலி மாத்திரை, மேலே ஒரு கறுப்பு டீ. சாப்பிடக் கூப்பிட்டால், "அப்புறம்டா மாப்ளே." வயிற்றுப்புண் உடைந்து ரத்தமாக வாந்தி எடுத்த அன்று காலையிலும் அதே பதில்.

நீங்கள் போனபிறகு டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். என் கேள்விகளைக் கேட்டு அசந்துபோய், எந்தக் காலேஜ் என்று விசாரித்தார். சளி என்றால் காறித் துப்புகிற அழுக்கு என்றுதானே நினைத்தோம்? அதற்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். நீளமான நூல், நூல் நெடுகச் சர்க்கரைக் கிளைகள். அவை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பி, இரைப்பையின் உட்சுவரில் வழவழவென்று படிந்து நிற்கும். இரைப்பையின் அமிலம் இரைப்பையையே தின்றுவிடாமல் தடுப்பது அந்தச் சட்டைதான். மூக்கு, தொண்டை, குடல் எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று உண்டாம். உங்கள் மாத்திரை அதைக் கிழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மீன் பானையருகே நான் சொன்னதும் இதைத்தான். புரதம் என்ற பெயர் மட்டும் அப்போது வாயில் வரவில்லை.

சரி, நீங்கள்தான் போனீர்கள். இப்போது அக்கா! முழங்கால் வலிக்கு உங்கள் மாத்திரை டப்பாவைத் திறந்துவிட்டாள். அதுவும் வெறும் வயிற்றில்.

"கஞ்சி குடிச்சிட்டுப் போடுக்கா. வயித்துக்குள்ள ஒரு சட்டை இருக்கு, கிழிஞ்சிரும்."

"தைச்சுப் போட்டது நீயாடா? போ, முதல்ல உன் பட்டனைத் தை."

டாக்டர் சொன்னார் என்றேன். "ஹாங் ஹாங்" என்று கையை வீசினாள். நெஞ்சுக்குக் கீழே எரிகிறதாம். உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? ஒரு வீட்டில் எத்தனை பேரிடம் நான் தொண்டை கிழியக் கத்துவது?

கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "அத்தான் கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கமலாவை வெறும் வயித்துல இதைப் போட விடாதடா'ன்னாருக்கா."

மாத்திரையைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கஞ்சியை ஊற்றி, அழுதுகொண்டே குடித்தாள்.

டப்பா இப்போது என் டிரங்குப் பெட்டியில். நாளைக்கே அவளை டாக்டரிடம் அழைத்துப்போகிறேன், இது சத்தியம். நம் தமிழ்ச் சங்க மலரில் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் வாயைத் திறக்காதீர்கள். அக்காவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

ஏனென்றால் அத்தான், நீங்கள் என் கையைப் பிடித்தது உண்மை. பிடித்துக்கொண்டு கேட்டது இன்னொரு மாத்திரை.

உங்கள் மச்சினன்,
மாணிக்கம்