குழாய் ரிப்பேர் அல்ல

என்னங்க,

தங்கை வீட்டிலிருந்து எழுதுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

தும்மினால் சிறுநீர் கசிகிறது, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கக்கூடப் பயமாக இருக்கிறது என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். "லேசர் வச்சா சரியாயிடுமாம், நானே டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றீர்கள். எனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று உருகிப்போனேன்.

இன்று அந்த கிளினிக் கட்டிலில் கால்களை அகட்டிப் படுத்துக்கொண்டு, கருவியைக் கையில் எடுத்த டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "இனிமே தும்மினா கசியாதில்ல?"

அவர் விழித்தார். "கசிவா? சார் அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே! பிரசவத்துக்கப்புறம் தளர்ந்துபோச்சு, இறுக்கணும்னுதானே சொன்னார்?"

குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறவன்கூட எங்கே ஒழுகுகிறது என்று சொல்லித்தான் கூப்பிடுவான். நீங்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பிள்ளைகளும் வந்த வழி அது. தளர்ந்துபோச்சாம்!

கட்டிலைவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அதே கட்டிடத்து மாடிக்கு ஏறினேன். அங்கிருந்த பிசியோதெரபி பெண்தான் முதல் ஆளாக என்னைக் கேட்டாள்: "உங்களுக்கு என்னக்கா கஷ்டம்?" அடிவயிற்றுக்குக் கீழே தசைகளை உள்ளுக்குள் இறுக்கிப் பிடித்து, பிறகு விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். விடாமல் செய்தால் கசிவு குறையுமாம். பேருந்திலும் செய்யலாம், பாடம் நடத்தும்போதும் செய்யலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இதை எழுதும்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆமாம், இறுக்குகிறேன். எனக்காக.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா