மலைக்கோயில் மணப்பெண்

மே 14
மழை. வண்ணம் குழைக்க வைத்திருந்த பசை கெட்டு நாறியது. கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சினேன்.

மதியம் யோகோசாவா அம்மா என்று ஒருவர் வந்தார். டிபார்ட்மென்ட் ஸ்டோர் கண்காட்சியில் நான் வரைந்த ஆட்டக்காரிகளைப் பார்த்தாராம். மேகத்தின் மேல் ஆடும் பெண்கள், ஷாமிசென் மீட்டும் நரி, அந்த வரிசை. அவர் மகன் கொஹெய் இரண்டு வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. மலைக்கோயிலில் மாட்ட அவனுக்கு ஒரு கல்யாணப் படம் வேண்டும்; கல்யாணமாகாமல் போனவர்களுக்கு அங்கே அப்படித்தான் துணை சேர்த்துவைப்பார்கள்.

"அவன் ஷாமிசென் வாசிக்கணும், பொண்ணு ஆடணும். பொம்மை மாதிரி உக்காந்திருந்தா அவனுக்குப் போரடிச்சிரும்."

விதி இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மணப்பெண் முகம் கற்பனையாக இருக்க வேண்டும். உயிரோடிருக்கும் யாருடைய சாயலும் கூடாது. இருந்தால் செத்தவன் அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவான். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?" என்றார், செருப்பு மாட்டும்போது.
"ஒரு பொண்ணு. ஏழு வயசுல போயிட்டா."
அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

மே 29
முகம் வரவில்லை. கொஹெய் வந்துவிட்டான், ஷாமிசென் வந்துவிட்டது, தரையில்லாமல் மேகமும் போட்டாயிற்று. வெள்ளை முக்காட்டுக்குள் மட்டும் வெறும் ஓட்டை.

கை இளகட்டும் என்று நடன ஹாலுக்குப் போய், அங்கே ஆடும் மினோரியை வரைந்தேன். பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து வரைகிறேன். பதினொரு வருஷம். "அத்தை, மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடுங்களேன், காசா பணமா!" என்று இன்றைக்கும் அதே பாட்டு. என் பெண் சாயோ இருந்திருந்தால் இவளைவிட இரண்டு வயது சின்னவள்.

ஜூன் 11
முகம் வந்துவிட்டது! கீழே பார்க்கும் கண், சற்றே சாய்ந்த கழுத்து. யாருடையதும் இல்லை.

ஜூன் 23
கோயிலில் மந்திரம் சொல்லி மாட்டினார்கள். யோகோசாவா அம்மா படத்தின் முன்னால் உட்கார்ந்து, "எப்படிச் சிரிக்கிறான் பாருங்க" என்று அழுதார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

திரும்பும்போது காரை ஓட்டியது இவர், என் வீட்டுக்காரர். செர்ரித் தோட்டம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்.
"ஏன் மினோரியைப் போட்டே?"
சிரித்தேன். உளறாதீங்க என்றேன்.
வீட்டுக்கு வந்து பழைய படங்களை எல்லாம் தரையில் பரப்பினேன். அதே கண். அதே கழுத்து. மூக்கை மட்டும் சின்னதாகப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 24
நம்பாத நான் ஏன் விடிந்ததும் ஹாலுக்குப் போய் மினோரி நன்றாக இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன்?

ஜூலை 3
யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நானும் இவரும் பேசி வைத்திருந்தோம். மினோரி தானாகவே போய்ப் பார்த்துவிட்டாள் — அத்தை வரைந்த படம் என்று தோழியையும் கூட்டிக்கொண்டு. கோயில் வாசலிலிருந்தே போன்.

"அத்தை... நான் உயிரோடதானே இருக்கேன்?"

தெரியாமல் வந்துவிட்டது, கை பழகிப்போய்விட்டது என்று ஏதேதோ சொன்னேன். அவள் எப்போது போனை வைத்தாள் என்று தெரியவில்லை.

ஜூலை 9
மினோரி ஹால் படிக்கட்டில் விழுந்துவிட்டாள். கணுக்கால் எலும்பு முறிவு. அவள் ஆட வேண்டிய திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

படிக்கட்டில் யாரும்தான் விழுவார்கள். மழைக்காலம், ஈரம். யாரும்தான் விழுவார்கள்.

ஜூலை 10
ஆஸ்பத்திரி. என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"யாரும் தள்ளலை அத்தை. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன், அவ்வளவுதான்."
பிறகு, "ஷாமிசென் கேட்டாலே உடம்பு உதறுது. நான் இனிமே எப்படி ஆடுவேன்?" என்றாள்.
நான் இந்தப் பெண்ணை என்ன பண்ணி வச்சிருக்கேன்!

ஜூலை 13
யோகோசாவா அம்மா வீட்டுக்குப் போய்த் தரையில் நெற்றி பட வணங்கி விஷயத்தைச் சொன்னேன். படத்தை இறக்க வேண்டும் என்றேன். அந்த நல்ல மனுஷி எழுந்து நின்றுவிட்டார்.

"இறக்கறதா? ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் தூங்கறேன். அவன் ஒருத்தியோட குடித்தனம் பண்ணிட்டிருக்கான். நீங்க வந்து பொண்ணை எழுப்பிக் கூட்டிட்டுப் போறேங்கறீங்க. மறுபடியும் என் பிள்ளை தனியா நிக்கணுமா?"

"வேற முகம் போடறேன்."

"எந்த முகம்? மறுபடியும் உங்க கைக்குத் தெரிஞ்ச முகந்தானே வரும்?"

உண்மைதானே.

ஜூலை 14
கோயில் குருக்களிடம் கேட்டேன். இறந்தவர் முகம் என்றால் தடையில்லை, அவர் வீட்டார் சம்மதிக்க வேண்டும் என்றார்.

இவரிடம் சாயோ பெயரைச் சொன்னேன். சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனவர், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்.
"பையன் குடிப்பானான்னு கேட்டியா?"

ஜூலை 16
கேட்டேன். "பீர் மட்டும்" என்றார் யோகோசாவா அம்மா. பிறகு அவர் முறை.
"உங்க பொண்ணு ஆடுவாளா?"
"ஏழு வயசுல ஆடுவா. யாராவது பாத்தா நிறுத்திருவா."
"எங்க வீட்டுல யாரும் அவளை முறைச்சுப் பாக்க மாட்டோம்" என்றார்.

ஜூலை 22
பதினேழு வருஷமாக சாயோவை ஒரு கோடு வரைந்ததில்லை. தினமும் நோட்டை எடுத்து வைத்து மூடியிருக்கிறேன். இப்போது அவளை வளர்க்க வேண்டும்.

எட்டு வயது வந்தது. பத்து வந்தது. பதின்மூன்றில் முறைத்தாள், சண்டைக்காரி.

இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "பல்லுக்குக் கம்பி போட்டிருப்போம், நேராப் போடு. மூக்கு எங்கம்மா மூக்கா நீண்டிருக்கும். முடியை வெட்டிட்டு வந்து உங்கிட்ட திட்டு வாங்கியிருப்பா."

பதினெட்டில் நிறுத்திவிட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான் முடியும். இவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டாளே.

ஜூலை 27
இருபத்து நான்கு. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நடுத்தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 2
கோயிலின் பின்கட்டில் வைத்து ஈரத் தூரிகையால் மினோரியைக் கரைத்து எடுத்தேன். சிப்பி அரைத்த வெள்ளை வண்ணம் சுலபமாக இளகும். முதலில் கண், பிறகு கழுத்து. கழுவிய தண்ணீரை நானே வெளியே கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினேன். பிறகு சாயோவை வைத்தேன். குருக்கள் மந்திரம் சொன்னார். யோகோசாவா அம்மாவும் இவரும் ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6
திருவிழா. மினோரி ஊன்றுகோலோடு தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பூத்தொப்பி சுழற்றி ஆடிக்கொண்டு போனவர்களைப் பார்த்தபடி மடியில் விரல்களால் தாளம் போட்டாள். முகத்தை மாற்றியாயிற்று என்று அவளிடம் சொன்னேன்.

"நன்றி அத்தை. அடுத்த வருஷம் ஆடுவேன்னு நினைக்கிறேன்." எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆனா நீங்க என்னை இனிமே வரையாதீங்க. கோவமில்ல. பயம்."

சரி என்றேன். பையிலிருந்து நோட்டை எடுக்கவே இல்லை.

ஆகஸ்ட் 30
ஒரு ஆட்டக்காரியைக்கூட வரைய முடியவில்லை. மேகம் மட்டும் வருகிறது.

செப்டம்பர் 23
நீத்தார் வாரம். சாயோ கல்லறைக்குப் போய் வந்து காலைக்கூடக் கழுவவில்லை, யோகோசாவா அம்மா ஒரு பெட்டி திராட்சையோடு வாசலில் நின்றார்.

"சம்பந்தியம்மா இருக்காங்களா?"

இவர்தான் உள்ளே அழைத்தார். அந்த அம்மாள் கோயிலிலிருந்து நேராக வருகிறாராம். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். திராட்சையைச் சாப்பிட்டோம். மழை பற்றிப் பேசினோம். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"அவன் காலையில எழுந்திருக்க மாட்டான். சின்னதுலருந்தே அப்படித்தான். மனசுல வெச்சுக்க வேணாம்னு உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.